பதினோராவது நிமிடம்

வெண்ணாற்றுப் பாலத்தில்
பதினோராவது நிமிடம் நின்றுவிடும்.
நேற்றும் அங்கேதான்.
பின்னால் நெல் லாரிகள் ஹாரன் அடிக்க
நானும் ஜுனைதாவும் தள்ளி ஓரங்கட்டினோம்,
பினாங்கிலிருந்து அவள் வாப்பா கப்பலில் இறக்கிய
இரண்டே சீட் சிவப்பு வண்டியை.

காயில் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன்.
கார்புரேட்டரைப் பிரித்து
ஜெட்டுகளை சஹன் தட்டில் பரப்பி
ஒவ்வொன்றாய் ஊதினேன்.
கால்மணி ஆறப்போட்டால்
ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும்.

இன்று, பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாமென்று
ஜுனைதா மூடியைத் திருக
ஸ்ஸ்ஸென
மூச்சை உள்ளே இழுத்தது டேங்க்.
"இதுக்கு மூச்சு முட்டுது" என்றாள்.

பின்சக்கரத்துக்கு மேலே
காற்றுக்குழாயின் வாயில்
சுண்டுவிரல் நகமளவு களிமண்,
வரிவரியாக, பூசி மெழுகி.
குளவி.
ஆற்று வண்டலை எச்சிலில் குழைத்திருக்கிறது.

சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தினேன்.
பச்சைப் புழுவொன்று விழுந்து
லேசாக நெளிந்தது.

பாலம் தாண்டி, கொரடாச்சேரி தாண்டி
நாற்பது நிமிடம்.
வைப்பர் இன்னும் ஓடவில்லை,
மேற்கே கறுக்கிறது, கூரையும் கிடையாது.
ஜுனைதா சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் நிறுத்தியதும்
வாயில் ஈரமண்ணோடு
அது வந்து சுற்றுகிறது
பின்சக்கரத்தை.
கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி
குழாய் வாயில் கட்டுகிறேன்,
அதன் பக்கம் பார்க்காமல்.