தற்காலிகம்

முதலில் என் அபிப்பிராயங்கள்.
கேட்காமலே சொல்கிறேன்; அலுவலகத்திலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எதையும் வெளியிடக் கூடாது.
'நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்' என்கிற கொம்பனியில்
சம்பளத்தை எழுத்தில் வாங்கவேண்டும்.
கடைசிப் பெயர் கட்டாயம் என்று படிவம் செய்தவனை
ஒருநாள் நேரில் சந்திக்கவேண்டும்.
அவனால்தான்
விமானமே ஏறாத என் அப்பாவுக்கு,
செத்துப் பதினொரு வருடம் ஆன பிறகும்,
அஜாக்ஸ் முகவரிக்குக் கடிதம் வருகிறது:
திரு. குணநாயகம், உங்கள் கடனட்டை
முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது.
இருந்த காலத்தில் ஒரு வங்கியும் அவரை அங்கீகரிக்கவில்லை.

இயந்திரம் பிழை விடாது என்பவர்களோடு
நான் வாதாடுவதில்லை.
ஓம், விடாது.
சொன்னதைச் செய்யும்.
சொன்னவர் வேறு வேலைக்குப் போன பிறகும் செய்யும்.

இனி, நடந்தது.

மாசி மாதம், காலை ஏழரை.
கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் மெஹ்ரெத்
உப்புப் படிந்த சப்பாத்தோடு வாசலில் நின்று
கைபேசியை நீட்டினாள்.
'நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, இதைப் பார்.'

நானூற்றோராம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்
கிடங்கொன்றில் அவளுக்கு இரவு வேலை.
பெட்டிக்குப் பெட்டி ஸ்கேனரைக் காட்டவேண்டும்.
காட்டாத நேரம் கணக்கில் இடைவெளி.
காய்ந்த காற்று, மூக்கால் ரத்தம்,
கழுவப் போய் வந்திருக்கிறாள்.
ஆறு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

திரையில்:
வணக்கம் மெஹ்ரெத்! கொஞ்ச நேரமாக உங்களைக் காணவில்லையே.
எல்லாம் நலம்தானே?
இது உங்கள் மூன்றாவது இடைவெளி.

அந்த 'நலம்தானே' என்னுடையது.
முதலில் 'எச்சரிக்கை' என்றுதான் இருந்தது.
மனிதத்தன்மை வேண்டும் என்று
இரண்டு கிழமை சண்டை பிடித்து மாற்றியவள் நான்.
வென்ற அன்று எல்லாருக்கும் கேக் வாங்கினேன்.

அந்த ஆறும் என்னுடையது.
கூட்டம் முடிய நாலு நிமிடம் இருந்தது.
எத்தனை போடலாம் என்றார்கள்.
ஐந்து கொடுமையாகப் பட்டது, பத்து தாராளமாகப் பட்டது.
கத்தரிக்காய்க்கு விலை பேசினாலும்
அதைவிட நேரம் எடுத்திருப்பேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி, பக்கத்தில் என் குறிப்பு:
தற்காலிகம். பிறகு பார்க்கலாம்.
மூன்று வருடம்.

'ஒன்றுமில்லை,' என்றேன், 'சும்மா நலம் விசாரிக்கிறது.'

மெஹ்ரெத் சிரித்தாள்.
'நாலாவது தரம் விசாரித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள்.
அது எனக்குத் தெரியும்.
அதற்கு முதல் யாரோடு கதைக்கலாம்
என்றுதான் கேட்கிறேன்.'

பதில் எழுத ஒரு பொத்தான்
பட்டியலில் இருந்தது.
இரண்டாம் கட்டத்தில்.
இரண்டாம் கட்டம் வரவில்லை.

அன்றிரவு பதினொன்றுக்குக் கோப்பைத் திறந்தேன்.
வெள்ளிக்கிழமை. தெரியும்.
ஆறை அழித்துப் பதினைந்து போட்டேன்.
மாற்றத்துக்குக் காரணம் என்றொரு பெட்டி.
'மூக்கு' என்று எழுதி அழித்தேன்.
'மெஹ்ரெத்' என்று எழுதி அழித்தேன்.
'சிறு சீரமைப்பு' என்று அனுப்பினேன்.

வான்கூவரில் இன்னும் விழித்திருந்த யாரோ
நாற்பது விநாடியில் கட்டைவிரலை உயர்த்திவிட்டான்.
ஏன் பதினைந்து என்று கேட்கவில்லை.

நல்லதுதானே, படுத்திருக்கலாம்.
ஆனால் ஏன் ஆறு என்றும்
அன்று ஒருவரும் கேட்கவில்லை.
நாளை இன்னொருத்தி, இன்னொரு கூட்டம்,
நாலு நிமிடம் மிச்சம்,
மூன்று என்று போட்டாலும்
அந்தக் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும்.

கீழே குழாய் திறக்கிற சத்தம்.
மெஹ்ரெத் வேலைக்கு வெளிக்கிடுகிறாள்.
தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று
விநாடி விநாடியாக
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.