செய்யாதிருக்கும் நாள்

துவாஸ் கப்பல் பட்டறை, இரண்டாம் வாசல்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
பாஸ் அச்சடிக்கும் இயந்திரம்,
ஆறிப்போன கோப்பி.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் கணினி நகராது.
அடைக்கலத்துக்கு அதில் அப்பா பெயரைப் போட்டேன்.
அன்று முதல் ஃபோர்மன் லிம்
"சூசை, சூசை" என்று கூப்பிடுகிறார்.
போன ஆனியில் புதைத்த அப்பாவை
யாரோ ஏணி தூக்கச் சொல்வதுபோல் இருக்கிறதாம்.

வெல்டிங் சோதிக்க வந்த போலந்துக்காரர்
எந்தக் கட்டத்திலும் தயங்கவில்லை.
நான்தான் எழுத்தெழுத்தாய்த் தட்டி
வாய்விட்டுப் படித்துத் தோற்றேன்.
"நியெஜேலா" என்றார்,
நடுவில் மட்டும் கொஞ்சம் அழுத்தி.
வரிசையில் யாரும் இல்லை. அர்த்தம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.

பிரித்தும் காட்டினார்:
முன்பாதி, இல்லை.
பின்பாதி, செய்வது.
செய்யாதிருக்கும் நாள்.
நம் ஞாயிறு வானத்தில் நின்று எரிகிறது.
அவர்களுடையது
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எந்த முப்பாட்டனுக்கு, எப்படி ஒட்டியதோ.
ஞாயிறன்று பிறந்திருக்கலாம்.
பூசைக்கு வந்தவர்கள் கோயில் வாசலில்
கண்டெடுத்த பிள்ளையாய் இருக்கலாம்.
அல்லது திங்களும் வேலைக்குப் போகாதவன்.
மூன்றாவதுதான் தனக்குப் பிடிக்கும் என்றார்,
பதினோரு வாரமாய் லீவு எடுக்காத மனிதர்.

வெள்ளி மாலை ஓவர்டைம் பட்டியல் ஒட்டினார்கள்.
ஞாயிறு என்ற தலைப்பின் கீழ்
முதல் பெயர், ஞாயிறு.
இரண்டாவது, சூசை.
தேக்காவுக்குப் போக எடுத்துவைத்த சட்டையோடு
பட்டியல் முன்னால் நின்றான் அடைக்கலம்.
விஷயத்தைச் சொன்னேன்.
"அப்ப அந்தாளப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே
லீவு குடுத்த மாதிரிதானேக்கா?"

நானும் அன்று டியூட்டி.
நாலாம் தொட்டிக்குள் இருவரும் இறங்கினார்கள்,
ஒருவர் டார்ச், ஒருவன் ஏணி.
மேலே குனிந்து நின்று லிம்
இரண்டு பெயரையும் சேர்த்துக் கத்தினார்.
இறந்துபோன ஒருவரும்
கிடைக்காத ஒரு விடுமுறையும்
இரும்பில் மோதி மோதி
என் கண்ணாடி வரை வந்தார்கள்.

கப்பல் போய்விட்டது.
காலாவதியான பாஸ்களைக்
குறுக்கே கத்தரித்துப் போடவேண்டும், விதி.
நூற்று நாற்பது வெட்டினேன், கட்டைவிரல் கன்றிப்போக.
ஒரு ஞாயிறு மட்டும் இன்னும் டிராயரில்,
ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்,
அவசரத்துக்கு.