ஆயில் லைட்

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று
என்று துண்டுச் சீட்டில் எழுதித்தான் வைத்திருந்தேன்.
கழற்றாமல் கையை விட்டு
ஒரு பொறி பறந்த பிறகு
கழற்றினேன்.

பல்லடத்தில் சனிக்கிழமை சாயங்காலம்.
சம்பள நாள், பக்கத்துக் குடோனில் தறிகள் நின்றிருந்தன.
அந்த அமைதியில்
கைநழுவிய திருகாணி
எந்தப் பக்கம் உருண்டதென்று
காதாலேயே தேட முடிந்தது.
கிடைக்கவில்லை.

எழுபத்திமூணு மாடல் ஃபியட்.
விசயமங்கலத்துச் சகலை குப்புராஜ்
"கல்லாட்டம் எஞ்சினுங்க சகல,
டேஷ்போர்டுல மட்டும் லைட்டு எரியாது,
அது கெடக்குது போங்க" என்று
சாவியை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மடக்கிக் கொடுத்த வண்டி.

சுவிட்சுகள் மூன்று.
பள்ளம் வைத்த வளையத்துக்கு உரிய ஸ்பேனர் என்னிடம் இல்லை.
மூக்கு நீண்ட பிளையரை விரித்துப் பொருத்தி
மூச்சடக்கித் திருப்ப
வழுக்கிக் குரோமில் ஒரு கீறல்.
சுகுணா டார்ச்சைக் கீறலிலிருந்து நகர்த்தி
என் முகத்தில் அடித்தாள்.
திட்டவில்லை.

உள்ளே எல்லா ஒயரும் ஒரே நிறம்,
ஐம்பது வருசத்துப் புழுதியின் நிறம்.
மாஸ்கிங் டேப்பில் ஒன்று, இரண்டு என்று எழுதினேன்.
"ரெண்டுன்னா எது?" என்று பேனாவைப் பிடுங்கி
வைப்பர், முன்லைட்டு, உள்லைட்டு எனப்
பால் கணக்கு எழுதும் கையால் எழுதி ஒட்டினாள்.
ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்த எனக்கு
எல்லாம் தலைகீழ்.

உக்கடத்தில் வாங்கிய ஏழு பல்பு
மாத்திரைப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றிக் கிடந்தன.
ஹோல்டரைப் பின்னாலிருந்து இழுத்தால்
சோளப்பொரி அளவு கண்ணாடி வரும்.
முதலாவது கருகியிருந்தது.
இரண்டாவதை ஆட்டினால் கிணுகிணுத்தது.
மூன்றாவதில் பல்பே இல்லை,
சிலந்தி முட்டை வைத்திருந்தது.
நான்கு, ஐந்து, ஆறு
சாதாரணச் சாவுகள்.

ஏழாவது மெரூன்.

கருகினால் கருக்கும், மெரூன் ஆகாது.
டார்ச்சில் திருப்பிப் பார்த்தேன்.
மூன்று கோட்டு நகப்பாலிஷ்.
பித்தளை விளிம்பில் ஒரு சொட்டு வழியவில்லை.
எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று
குனிந்து பார்த்தேன்.
ஆயில்.

சகலைக்கு அவ்வளவு நேர்த்தியான கை கிடையாது.
பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவச் சொன்னால்
மாப்பிள்ளை பெயரையே மூழ்கடிக்கிற ஆள்.
அதை நான் சொல்லவில்லை.
சுகுணாவும் சொல்லவில்லை.
போன தையில் பெருந்துறை மண்டபத்து வாசலில்
அவள் அக்கா பானுரேகா
சந்தனக் கிண்ணத்தை நீட்டிய விரல்கள்
எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றன,
பத்தும் மெரூனாக.

வீட்டுக்குள் போய் ரிமூவர் எடுத்து வந்தாள்.
பல்புப் பெட்டியின் பஞ்சையே நனைத்துத்
துடைத்தாள்.
தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடி.
உள்ளே இழை, முழுசாக.
"இது ப்யூஸே போகலீங்க."
நான் நீட்டிய புதுசை வாங்காமல்
அதையே மாட்டினாள்.

பேட்டரி. சாவி.
சிவப்பு. அது சரி,
எஞ்சின் ஓடாதவரை எரியத்தான் வேண்டும்.
ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது.
சுகுணா மூச்சு விட்டாள்.
சூடேறட்டும் என்று காத்திருந்தோம்.
ஏழெட்டு நிமிசத்தில் ஒரு சிமிட்டல்.
பிறகு ஒன்று.
பிறகு சிமிட்டாமல்
நின்று எரிந்தது.

அவிநாசிக்கும் பொங்கலூருக்கும்
பாட்டுப் போட்டுக்கொண்டு போய்வந்த
நாலு மாசமும்
இப்படித்தான் எரிந்திருக்கிறது,
பூச்சுக்குள்.

சாவியைத் திருப்பி அணைத்த அதே நேரம்
போன் அடித்தது.
நோம்பிக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க என்று
பானுரேகா கேட்டது
ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.
அப்புறம், வண்டி எப்படி ஓடுதாம்?

"எல்லா லைட்டும் எரியுதுக்கா"
என்றாள் சுகுணா.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி
நின்றது.
நான் முட்டிபோட்டு
இன்னும் அந்தத் திருகாணியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.