பாலோடு வராதது

மூன்றரை மணி.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
ஒரு பட்டை, ஒரு கத்தி, என் மூச்சு.
கடையாலுமூட்டில் மற்றதெல்லாம் இருட்டு.

முந்நூற்றிருபது மூடு வெட்டணும்.
வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும்,
செல்லின் விறைப்பு தளரும், பால் குறையும்.
"விறைப்பழுத்தம்" என்கிறது புத்தகம்.
"நேரமாச்சு, ஓடு" என்பாள் ஸ்டெல்லாபாய்.

பத்தாம் வகுப்பு, தனித்தேர்வு,
முப்பத்தேழு வயதில்.
எட்டில் நிறுத்தியபோது தந்த டி.சி.யைச்
செல் அரித்துவிட்டது.
அந்தச் செல் வேறு.
ராத்திரியெல்லாம் அபினேஷ் நோண்டும் செல்லும் வேறு.
பாடத்தில் உள்ளதற்குச் சுவர் உண்டு,
சுவருக்குள் சவ்வு, உள்ளே உட்கரு,
இடையில் சைட்டோபிளாசம்.
படம் வரைந்து பாகம் குறி. ஐந்து மதிப்பெண்.

மூட்டுக்கு ஒரு சொல் என்று படித்தேன்.
நாற்பத்தொன்றாவதில் மைட்டோகாண்ட்ரியா.
மூன்று தரம் நாக்கு வழுக்கியது,
கத்தி வழுக்கவில்லை.

இலை உதிர்ந்து வெட்டு நின்ற மாதத்தில்
குழித்துறையில் செய்முறைத் தேர்வு.
வெங்காயத் தோல், ஒரு சொட்டு அயோடின்,
குழலில் ஒற்றைக் கண்.
செங்கல் அடுக்கினது போல வரிசை வரிசையாய்,
ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்புப் புள்ளி
சுவரோரமாய் ஒதுங்கி.
"சைட்டோபிளாசம் என்றால் என்ன?"
வெளித்தேர்வாளர் தலை நிமிராமல் கேட்டார்.
புத்தகத்தில் உள்ளபடியே சொன்னேன்.
வெட்டு நின்று பத்து நாளாகியும்
விரலிடுக்கில் ஆசிட் வாடை.
"கொள்ளாம்" என்று குறித்துக்கொண்டார்.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.
ஷீட் கடையில் உளுந்து வடை பொதிந்து தந்த
ரப்பர்த் தோட்டக் கையேட்டின் ஒரு தாளில் இருந்தது:
பட்டைக்குள் வரிசையாய் நின்ற செல்கள்
நடுச்சுவரைத் தாமே கரைத்துக்கொண்டு
ஒரே குழலாய் ஆகுமாம்.
எங்கள் தெருவில் ஒரு முழ எல்கைக்குப்
பதினாறு வருடமாய்க் கேஸ் நடக்கிறது.
குழலை நான் அறுக்கும்போது வழிவது
வெறும் பால் இல்லையாம்,
அந்தச் செல்களின் சைட்டோபிளாசமே அதுதானாம்.

என்றால் ஐயா,
சிரட்டை சிரட்டையாய், வாளி வாளியாய்
இருபத்தோரு வருடமாய் அதைச் சுமந்திருக்கிறேன்.
வடிகட்டியிருக்கிறேன், ஆசிட் ஊற்றி உறையவிட்டு
ரோலரில் கொடுத்து மிதித்திருக்கிறேன்.
சேலையில் பட்டால் போகாது.
கிலோவுக்கு என்ன விலை என்று தெரியும்,
ஐந்து மதிப்பெண்ணுக்கு அது வராது.

அதே தாளில், எண்ணெய்க் கறைக்கு அடியில்:
பாலோடு மிதந்து வரும் நுண்பைகள் உடைந்து
வெட்டுவாயை அடைக்கும், ஒழுக்கு நிற்கும்.
உட்கரு மட்டும் வெளியே வராது,
சுவரை ஒட்டி அங்கேயே இருந்துகொள்ளும்.
மைட்டோகாண்ட்ரியாவும் அநேகமாய் அப்படித்தான்.
நாளை மறுநாளின் பால்
அவற்றிலிருந்துதான் மறுபடி ஊறும்.

அதற்கும் உள்ளே, ஒரு நூல் ஆழத்தில்
புதுப்பட்டைக்கான செல்கள் பிரியும் படலம்.
அதில் கத்தி பட்டால் மரம் முண்டு கட்டும்.
மூன்று மரத்தை அப்படிக் கெடுத்திருக்கிறேன்
முதல் வருடத்தில். முதலாளிக்குத் தெரியாது.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.
தளிர் முற்றி, வெட்டு மறுபடி தொடங்கியாயிற்று.
முதல் மூட்டில் கை வைத்துக்
கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.
"என்ன, மரத்துக்குச் சுகமில்லையா?" என்றாள் ஸ்டெல்லாபாய்.
ஒன்றுமில்லை என்றேன்.

பட்டை சுருண்டு விழுந்தது.
வெள்ளைக் கோடு நிறைந்து, நடுங்கி,
சிரட்டையில் ஒரு சொட்டு.
அடுத்த மூடு.