கழிவு

ஆலைக் கணக்கறையில் எனக்குப் பதினோரு வருஷம்.
டீசல், கொதிகலன் பழுது, ஓவர்டைம்,
தீபாவளி முன்பணம், நாய் பிடிக்கிறவன் கூலி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு.
ஆற்றுக்கு இல்லை.

ஒரு டன் குலைக்கு ஒன்றரை டன் தண்ணீர்.
உறிஞ்சுகிற குழாயில் மீட்டர் இருக்கிறது.
விடுகிற குழாயில் ஒரு பல்லி இருக்கிறது.

கடைக்காரருக்குக் கழிவு என்றால் விலையில் குறைப்பது.
எங்களுக்குக் கழிவு என்றால் குட்டையில் நுரைப்பது.
ஒரே சொல்.
அகராதியில் பக்கம்கூட மாறவில்லை.

நான்காம் குட்டை சேறு தட்டிவிட்டதென்று
தனேந்திரன் மூன்று முறை எழுதினான்,
மூன்றாவது முறை சிவப்பு மையில்.
தூர்வார விலைப்புள்ளி வந்தது:
நாலு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரிங்கிட்.
என்சிக் ஹஸ்லான் அதை மேசையின் இடப்பக்கம் வைத்தார்,
போன வருஷத்து அபராத ரசீதை வலப்பக்கம்.
பதினைந்தாயிரம்.
"நீயே சொல், லோகேஸ்."
நான் கணக்குப் படித்தவள்.
கழிக்கத் தெரியும்.

வரப்போகும் அபராதத்தை
அடுத்த பட்ஜெட்டில் முன்கூட்டியே எழுதினேன்,
'இதர' என்ற தலைப்பின் கீழ்,
பூந்தொட்டிக்கும் தேத்தூளுக்கும் நடுவில்.

நவம்பர் மழையில் ஒரு ராத்திரி வால்வு திறந்தது.
விடிந்தபோது சுங்கை மெலாவான்
பால் விடாத காப்பி.
கீழ்ப்பக்கம் நீர் நிலையத்தை மூடினார்கள்.
ஊர்க் குழாய்கள் நாலு நாள் வெறும் காற்றை இருமின.
ஆ ஹெங் கடையில் போத்தல் தண்ணீர்
ஒன்று எண்பதிலிருந்து மூன்று ரிங்கிட்டுக்கு ஏறியது.

ஆலை தன் ஆழ்குழாய்த் தண்ணீரை
இரண்டு லோரியில் அனுப்பியது, பதாகை கட்டி.
லோரி வாடகை, பதாகை நூற்றெண்பது,
படம் பிடித்தவருக்கு இருநூறு:
'விளம்பரம்' என்று நானே பதிந்துவிட்டு
மாலையில் என் வாளியோடு வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் சலவைக்கடை சுலோச்சனா.
"மிஷின் சும்மா கிடக்குது.
வாடகை சும்மா கிடக்குமா?"
கேட்டது லோரியின் சக்கரத்தைப் பார்த்து.

மறுநாள் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுத ஆரம்பித்தேன்.
சுலோச்சனா, 340.
காசிமின் கெலி மீன் கூண்டுகள், 2,700.
பத்மாவதி மகனுக்குச் சொறி, கிளினிக், 65.
பக்கம் நிரம்பிவிட்டது.
நான் இன்னும் இரண்டாவது தெருவுக்கே போகவில்லை.

வருஷக் கடைசியில், மிச்சம் பிடித்த பணத்தில்,
எல்லாருக்கும் ஒன்றரை மாத போனஸ்.
நானும் வாங்கினேன்.
வீட்டுக் குழாய்க்கு வடிகட்டி மாட்டினேன்.

மார்ச்சில் கோலாலம்பூரிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
எல்லாம் சரியாக இருந்தது.
கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.
"இது எந்தத் தலைப்பு?"
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"பென்சில்தானே. ரப்பர் இருக்கா?"

"இந்த ஊர்ல ரப்பர் இல்லை சார்.
எல்லாத்தையும் வெட்டி
செம்பனை போட்டாச்சு."