நாலால் வகுபடாத முப்பது

லியபாயாவில் அக்டோபர்க் காற்று
கதவைத் திறப்பவரை முதலில் உள்ளே தள்ளும்,
பிறகுதான் வணக்கம்.
அப்படித்தான் வந்தார்கள் இருவரும்:
விஸ்மா, தோள்பையோடு;
ஐனார்ஸ், தொப்பியை அமுக்கிய கையோடு.
பாலாடைக்கட்டி ஆலைகளுக்குப் பம்பு விற்பவர்கள்.
முப்பது பக்கம். ஆயிரத்து இருநூறு பிரதி.
எப்படிக் கட்டுவது என்பது மட்டும் பாக்கி.

"முதுகு வேண்டும்" என்றார் ஐனார்ஸ்.
முதுகில் கம்பெனிப் பெயர்;
அலமாரியில் நின்றால் தெரிய வேண்டும்.
"யார் அலமாரியில்?" என்றார் விஸ்மா,
இருபது வருடக் கூட்டாளிகள் கேட்கும் தொனியில்,
பதிலுக்குக் காத்திராமல்.

மாதிரிகளை மேசையில் பரப்பினேன்.
பசை போட்டது விறைப்பாக உட்கார்ந்தது,
வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாதிரி.
விரித்துவைத்துக் கையை எடுத்தேன்.
மூடிக்கொண்டது.
"ஒரு கையில் ஸ்பேனர் இருக்கும்,
இன்னொரு கை ஈரமாக இருக்கும்.
இதை மூக்கால் பிடித்துக்கொள்வார்களா?"
என் பங்குக்கு நானும் சொன்னேன்:
ஜனவரியில் வேனில் கிடந்தால் பசை வெடிக்கும்;
முப்பது பக்கத்துக்கு முதுகு
இரண்டு மில்லிமீட்டர் தேறினால் அதிகம்.
எறும்புதான் படிக்கும்.
ஐனார்ஸ் சிரிக்கவில்லை.

கம்பிச்சுருள் போட்டது நன்றாகவே படுத்தது,
முழு வட்டம் சுற்றி
அட்டையோடு அட்டை ஒட்டியது.
விஸ்மாவுக்குப் பிடித்துவிட்டது.
தோள்பையில் போட்டுப் பார்த்தார்.
வெளியே எடுத்தபோது
கம்பளிக் கையுறை ஒன்றும் டிராம் டிக்கெட்டும்
கொக்கியில் மாட்டி வந்தன.
விலையையும் சொன்னேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டு அதைக் கீழே வைத்தார்.

மிச்சம், நடுமடிப்பில் இரண்டு ஸ்டேபிள்.
மலிவு. தட்டையாகத் திறக்கும். தபாலில் நசுங்காது.
நிபந்தனை ஒன்றே ஒன்று:
பக்கம் நாலால் வகுபட வேண்டும்.
ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம்,
அதில் பேரம் கிடையாது.

"அப்படியானால் இரண்டை எடுத்துவிடலாம்."
விஸ்மா திரையில் நகர்ந்தார்.
வால்வு வரைபடம் வேண்டும். உதிரிபாக எண்கள் வேண்டும்.
கழுவும் அட்டவணை கட்டாயம்.
மூன்றாம் பக்கம்: நிறுவனர் மடல்.
நாலாம் பக்கம்: நிறுவனர் படம்.
முதல் பம்பின்மேல் கைவைத்து நிற்கிறார் ஐனார்ஸ்,
தலை நிறைய முடி.
விரல் அங்கே நின்றது.
பின்னால் மடிப்பு இயந்திரம்
ஒரு பல் மருத்துவரின் துண்டுத்தாள்களை
மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது:
பல்வரிசை, பல்வரிசை, பல்வரிசை.

இரண்டைக் கூட்டினாலும் வகுபடும் என்று
நான் உடனே சொல்லியிருக்கலாம்.
குறைக்கக் கேட்பவரிடம்
கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லை.

"முப்பத்திரண்டு?" என்றார் ஐனார்ஸ், தொப்பியிடம்.
"கடைசி இரண்டு வெறுமையாக இருக்கட்டும்.
குறிப்பு எழுதிக்கொள்வார்கள்."
விஸ்மா போனில் கணக்குப் போட்டார்.
பிரதிக்கு நாலு சென்ட்.
"உன் முகத்துக்கு நாற்பத்தெட்டு யூரோ" என்றார்.
"கொடுக்கலாம்."

ஸ்டேபிள் போட்ட புத்தகத்தில்
பதினாறும் பதினேழும் மட்டுமே
எதிரெதிரே ஒரே தாளில் விழும் பக்கங்கள்.
அங்கே யார் என்பதில் சண்டை வரவில்லை.
கழுவும் அட்டவணை
இடம்வலமாய்க் காலை நீட்டிப் படுத்தது.

பெட்டிகளை ஏற்றிய பிறகு
ஐனார்ஸ் தனியாகத் திரும்பி வந்தார்.
ஒன்றே ஒன்று பசை போட்டுத் தர முடியுமா?
கையாலேயே செய்தேன்.
பெயரை நாலு புள்ளி எழுத்தில் இறக்கி,
மூச்சை அடக்கி முதுகில் ஒட்டினேன்.
பதினெட்டு யூரோ என்றேன்.
சில்லறையாக எண்ணி வைத்தார்.

ஜன்னல் மேடையில் நிறுத்திப் பார்த்தார்.
நின்றது.
தபால்காரி கதவைத் திறந்தார்,
விழுந்தது.
எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்து
மேல்பொத்தான் வரை போட்டுக்கொண்டார்.
"அடுத்த வருடம் எண்பது பக்கம்" என்றார்,
காற்றுக்குள் போகும்போது.
எண்பது வகுபடும்.