மேலேயா, கீழேயா

கச்சேரி கோட்டைக்குள் இருந்த காலம்.
வாசலுக்கு எதிரே வாகை நிழலில் மேசை, தட்டச்சுப் பொறி,
பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்,
முத்திரைக்குத் தனி.
தமிழை ஆங்கிலமாக்கி
அது சரியென்று சத்தியம் செய்வது என் தொழில்.

கன்னங்குடாவிலிருந்து தங்கப்பிள்ளை வந்திருந்தா.
"கிடங்குக்குள்ள வைச்சிருந்தவங்களாம்.
கூட இருந்து வந்த பொடியன் சொன்னவன்.
மறுகா ஒரு சேதியுமில்ல."

கிடங்கு.
நெல் கொட்டினாலும் கிடங்கு,
தோண்டி மூடாமல் விட்டாலும் கிடங்கு.
டஞ்சன் என்று அடித்தேன்.
அடித்தபின் ஒரு சந்தேகம்.
கறையான் பின்னட்டையிலிருந்து தின்றுவந்த அகராதியில்
முன்னெழுத்துகள் தப்பியிருந்தன.

அங்கே அந்தச் சொல் நிமிர்ந்து நின்றது.
எழுநூறு வருடங்களுக்கு முன்
கோட்டையின் ஆக உயர்ந்த கோபுரம் அது.
எசமான் என்ற லத்தீன் சொல்லின் வழிவந்து
பிரெஞ்சுக்காரர் வாயில் வளர்ந்து
கடல் தாண்டிய சொல்.
சுற்றுச்சுவர் எல்லாம் விழுந்தபிறகும்
கடைசியாய் ஓடி ஏற ஓரிடம்.
பிறகு அதன் அடியில் ஆட்களைப் பூட்டினார்கள்.
சொல்லும் படியிறங்கிப் போய்
அவர்களோடு இருந்துவிட்டது.

"என்ன இவ்வளவு நேரம் வாசிக்கிறீங்க?"

சொன்னேன்.
சொல்லியிருக்கக்கூடாது.

"அப்ப எங்கட யோகன் மேலயா, கீழயா?"

வாவிப் பக்கம் பார்த்தேன்.
ஒல்லாந்தன் கட்டிய இந்தச் சதுரத்தில்
கோபுரமே கிடையாது,
நாலு மூலை, பீரங்கி, மதிலில் காயும் யாரோ ஒருவரின் குடை.

"மேல எண்டா காத்து வரும்" என்றா.
"ஒரு சின்ன யன்னலாவது வைச்சிருப்பாங்க."

சொல்லை மாற்றவில்லை.
இரண்டு பொருளும் அதற்குள்ளேயே கிடக்கட்டும்.
முத்திரை குத்தினேன். அரைவாசிக் காசு போதும் என்றேன்,
முழுக்காசையும் எண்ணி வைத்துவிட்டு
வாசலுக்குள் போனா.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தா.
சிவப்புப் பேனையால் என் சொல்லை வெட்டி
'இடம் தெரியாது' என்று மேலே எழுதியிருந்தது.
திருத்திய பிரதி மூன்று வேணுமாம்,
கார்பன் செல்லாதாம்.

புதுத்தாள் செருகினேன்.
"வெட்டினதையும் சேத்து அடிங்க."
அப்படியெல்லாம் அடிக்க முடியாது என்றேன்.
பேசாமல் நின்றா.
வாகைக்காய் ஒன்று மேசையில் விழுந்தது.

டஞ்சன் என்று அடித்து
பொறியைப் பின்னுக்குத் தள்ளி
அதன்மேல் எழுத்து எழுத்தாகக் கோடு அடித்தேன்.
கோட்டுக்கடியில் வாசிக்க முடிகிறதா என்று
குனிந்து பார்த்தா, ஆங்கிலம் தெரியாதவ.
இன்னும் இரண்டு தாள் இருந்தது.